டர்போ கார்களும் ஹெட் கேஸ்கெட்டும்



கோடை விடுமுறை தொடங்கியதும் டில்லியிலும் போபாலிலும் நாகபுரியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல சொந்தக் காரிலேயே ஊருக்குப் புறப்பட்டுவிடுகின்றன. ரயிலில் இடம் கிடைப்பது அரிது என்பது ஒரு காரணம்; நெடுஞ்சாலைகள் நன்கு அகன்றுவிட்டன என்பது மற்றொரு காரணம். டில்லியிலிருந்து சென்னைக்குச் சுமார் 2,200 கிலோமீட்டர். மே மாத வெயிலில் வண்டி நிறைய மனிதரையும் பெட்டிகளையும் ஏற்றி, குளிர்சாதனத்தையும் ஓயாமல் ஓடவிட்டு, நாளொன்றுக்கு எழுநூறு எண்ணூறு கிலோமீட்டர் விரட்டுகிறோம். நாம் உள்ளே குளிர்ச்சியாக அமர்ந்து பழைய பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கையில், முன்புறத்தில் மூடிக்கிடக்கும் எஞ்சின் என்ன பாடுபடுகிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்த எஞ்சினுக்குள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமே உள்ள தகடு ஒன்று இருக்கிறது. அதைக் குறித்தே இன்று பேச விரும்புகிறேன். அதன் பெயர் ஹெட் கேஸ்கெட். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான் இதற்கு ஒரு தமிழ்ச் சொல் ஆக்க முயன்றதுண்டு. ‘அடைப்புத் தகடு’ என்று எழுதிப் பார்த்தேன், பொருள் பிழையில்லை. ஆயினும் டில்லி காஷ்மீரி கேட்டிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ உதிரிபாகக் கடையில் போய் அடைப்புத் தகடு தாருங்கள் என்று கேட்டால், கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ஆகவே கேஸ்கெட் என்ற சொல்லையே கையாளுகிறேன். நான் பொறியியல் பயின்றவன் அல்லன், கலைப் பட்டதாரி. இதைப்பற்றி நான் அறிந்ததெல்லாம் விலை கொடுத்து அறிந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

எஞ்சினின் அடிப்பாகம் பிளாக். அதில் சிலிண்டர்கள் குடையப்பட்டிருக்கும். பிஸ்டன்கள் அவற்றுள் மேலும் கீழும் ஓடும். அதன்மேல் மூடியாக அமர்வது சிலிண்டர் ஹெட். இவ்விரண்டுக்கும் இடையில் வைத்து போல்ட்டுகளால் இறுக்கப்படுவதே கேஸ்கெட். எரியும் வாயு சிலிண்டரை விட்டுக் கசியாமல் இத்தகடு தடுக்க வேண்டும். பிளாக்கிலிருந்து ஹெட்டுக்கு ஏறிச் செல்லும் குளிர்நீர் வேறு வழியில் புகாமல் காக்க வேண்டும்; எண்ணெயையும் அவ்வாறே. நெருப்பும் நீரும் எண்ணெயும் ஒன்றுக்கொன்று சில மில்லிமீட்டர் தொலைவில் ஓடுகின்றன. நடுவே நிற்பது இத்தகடு ஒன்றுதான். முற்காலத்தில் செம்புத் தகடுகளுக்கிடையே கல்நார் வைத்து இதனைச் செய்தார்கள். இக்கால எஞ்சின்களில் பெரும்பாலும் மூன்று நான்கு மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கி, சிலிண்டர் வாயைச் சுற்றிப் புடைப்பு வரம்பு ஒன்றை அமைத்து, மேலே ரப்பர் பூச்சுக் கொடுத்துச் செய்கிறார்கள். அந்த வரம்பு வில் போல் அமுங்கியும் விரிந்தும் கொடுத்து இடைவெளியை அடைத்துக்கொள்கிறது.

இனி டர்போ என்பது யாது? எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை வீணே காற்றில் கலக்கிறது. அப்புகையின் வேகத்தைக்கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் புகுத்தினால், அதிகக் காற்றும் அதற்கேற்ற அதிக எரிபொருளும் எரிந்து அதிகச் சக்தி கிடைக்கும். ஸ்விட்ஜர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூச்சி 1905ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். கப்பல்களிலும் விமானங்களிலும் லாரிகளிலும் இது முதலில் இடம் பிடித்தது. சிறிய கார்களுக்கு வர நெடுநாள் ஆயிற்று. இன்று நம் நாட்டு டீசல் கார்கள் அனைத்தும் டர்போ கார்களே என்று சொல்லிவிடலாம். ஒரு லிட்டர் அளவேயுள்ள மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார்களிலும் டர்போ வந்துவிட்டது.

சக்தி கூடும்போது கேஸ்கெட் தாங்கவேண்டிய சுமையும் கூடுகிறது. ஒரு சிலிண்டரின் குறுக்களவு 80 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதன் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் எரியும் வாயுவின் உச்ச அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஐம்பது அறுபது கிலோகிராம் அளவில் இருக்கும். டர்போ பெட்ரோல் எஞ்சினில் அது 100ஐத் தொடும். இக்காலத்து டர்போ டீசலில் 150ஐயும் தாண்டும். நூறு என்றே வைத்துக்கொண்டாலும், ஹெட்டை மேல்நோக்கித் தூக்கும் விசை ஒரு சிலிண்டருக்கு 5,000 கிலோகிராம். வளர்ந்த ஆண் யானை ஒன்றின் எடை! நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில் இந்த யானை நொடிக்கு 25 முறை கீழிருந்து முட்டுகிறது. ஹெட்டைப் பிளாக்கோடு பிடித்து நிறுத்துபவை சுற்றியுள்ள போல்ட்டுகள். அவற்றின் பிடி சற்றே தளர்ந்தால் ஹெட் மயிரிழை அளவு எழும். அந்த இடைவெளியில் நெருப்பு நாக்கை நீட்டும். தகட்டின் விளிம்பு அரிபடத் தொடங்கும்.

அழுத்தத்தோடு வெப்பமும் சேர்கிறது. பல எஞ்சின்களில் பிளாக் வார்ப்பிரும்பாலும் ஹெட் அலுமினியத்தாலும் ஆனவை. அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அரை மீட்டர் நீளமுள்ள ஹெட், காலைக் குளிரிலிருந்து 80 டிகிரி சூடேறினால் சுமார் 0.9 மில்லிமீட்டர் நீளும். அதன் கீழுள்ள இரும்போ அரை மில்லிமீட்டர்கூட நீளாது. அந்த வித்தியாசமெல்லாம் கேஸ்கெட்டின் முதுகில்தான் உராய்ந்து தீர வேண்டும். எஞ்சின் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் இது நிகழ்கிறது. அளவான சூட்டில் இதைத் தாங்கும்படியே கேஸ்கெட் செய்யப்பட்டிருக்கிறது. அளவு மீறிச் சூடேறும்போது, நாற்புறமும் போல்ட்டுகளால் கட்டுண்ட அலுமினிய ஹெட் விரிய இடமின்றி வளைந்துவிடுகிறது. ஆறிய பிறகும் வளைவு நிமிர்வதில்லை. பல எஞ்சின்களுக்கு அனுமதிக்கப்பட்ட வளைவு 0.05 மில்லிமீட்டர்தான், தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டு மே மாதம். கும்பகோணத்தில் என் தமையனார் மகளுக்குத் திருமணம். எழுபத்து நான்கு வயதான தாயார், மனைவி, மகன் ஆகியோருடன் டில்லியிலிருந்து எங்கள் டர்போ டீசல் காரில் புறப்பட்டேன். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே, கூலன்ட் தொட்டியில் மட்டம் மாதத்துக்கு இரண்டு விரற்கடை குறைந்து வந்தது. வெயில் காலமல்லவா, ஆவியாகியிருக்கும் என்று எண்ணிக் குழாய்த் தண்ணீரை ஊற்றி வந்தேன். மூடியிட்ட, அழுத்தத்தில் இயங்கும் அமைப்பிலிருந்து நீர் ஆவியாகிப் போகாது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றே பொருள். இந்தச் சிறு உண்மை அப்போது எனக்குத் தெரியாது. ரேடியேட்டரின் கீழ்க் குழாயை இறுக்கியிருந்த கிளிப் தளர்ந்திருந்தது. சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும் காரியம்.

லலித்பூரைத் தாண்டி சாகரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். பிற்பகல் இரண்டு மணி. வெப்பமானியின் முள் நடுக்கோட்டிலிருந்து எழுந்து மேலே நகர்ந்தது. “என்னங்க, முள் மேலே போகிறதே, நிறுத்திவிடுங்கள்” என்றாள் மனைவி. “சாகர் இதோ வந்துவிட்டது. இன்னும் பதினைந்து கிலோமீட்டர்தான். இந்த வெயிலில் அம்மாவை நடுவழியில் உட்கார வைப்பதா?” என்று சொல்லி ஓட்டினேன். சற்றைக்கெல்லாம் முள் இறங்கியது, அப்பாடா என்றிருந்தது. உண்மையில் அப்போது நிகழ்ந்தது வேறு. நீர் முழுதும் போய்விட்டதால், வெப்பத்தை அளக்கும் கருவி நீரில் நனையாமல் வெறும் இடத்தில் நின்றது. வெறும் இடத்தில் நிற்கும் கருவி சரியான சூட்டைச் சொல்லாது. மேலும் ஐந்து கிலோமீட்டர் போனதும் எஞ்சின் தடதடத்து நின்றது; முன்மூடியின் இடுக்கெல்லாம் ஆவி.

அம்மாவை நடுவழியில் உட்கார வைக்கக் கூடாது என்று ஓட்டியவன், ஒரு மரத்தின் அரை நிழலில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தேன். கையிலிருந்த குடிநீரும் தீர்ந்தது. தாயாருக்கு மயக்கம் கண்டது. நாமக்கல் பதிவெண்ணுடன் வந்த லாரி ஒன்று எங்களைக் கண்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து, தம் தண்ணீர்க் கேனைத் தூக்கி, “பாட்டிக்கு முதல்ல குடுங்க” என்றார். பிறகு என் காரைப் பார்த்துவிட்டு, “முள்ளு ஏறுன எடத்துலயே நிறுத்தியிருக்கலாமுங்களே சார்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றிரவு தாயார் சாகரில் ஒரு மருத்துவமனையில் உடலில் நீரேற்றிக்கொண்டு படுத்திருந்தார். தேறிவிட்டார். திருமணத்துக்கு முகூர்த்தம் கழிந்து மறுநாள்தான் போய்ச் சேர்ந்தோம்.

ஆகவே முதலில் சொல்ல வேண்டியது முள்ளைப் பற்றியே. இக்காலக் கார்களில் அந்த முள் உண்மையான சூட்டை அப்படியே காட்டுவதில்லை. ஓட்டுபவர் வீணே கலங்க வேண்டாம் என்று, எழுபது எண்பது டிகிரியிலிருந்து நூறுக்கு மேல் வரையிலும் முள் நடுவிலேயே நிற்கும்படி பல கார்களில் அமைத்திருக்கிறார்கள். எனவே அது நடுவை விட்டு நகர்ந்தால், ‘இனிமேல் சூடாகப் போகிறது’ என்று பொருளன்று. ‘ஏற்கெனவே சூடாகிவிட்டது’ என்று பொருள். சில கார்களில் முள்ளே இல்லை. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, மிகச் சூடானால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். முள் நகர்ந்தாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ குளிர்சாதனத்தை நிறுத்துங்கள். ஹீட்டரை முழு அளவில் திறந்துவிடுங்கள். வெந்த காற்று முகத்தில் அடிக்கும். அடிக்கட்டும், எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு அவ்வழியே வெளியேறும். உடனே பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி எஞ்சினை நிறுத்துங்கள். ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டிப் பார்க்க வேண்டாம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கும் கொதிநீர் முகத்தில் பாயும். முழுதும் ஆற ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கொதிக்கும் எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரைத் திடீரென்று ஊற்றினால் வார்ப்பு வெடிக்கவும் கூடும்.

அந்த மூடியும் அற்பப் பொருளன்று. சாதாரணக் காற்றழுத்தத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடியிலுள்ள வில், உள்ளே மேலும் ஒரு காற்றழுத்த அளவு கூடும்வரை அடைத்து வைத்தால், நீர் 120 டிகிரி வரை கொதியாமல் இருக்கும். பாதி நீரும் பாதி எத்திலீன் கிளைக்காலும் கலந்த கூலன்ட் ஆனால் 130ஐ நெருங்கும்வரை தாங்கும். மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் நிற்காவிட்டால் இந்த நன்மை அத்தனையும் போயிற்று. லடாக்கில் பணிபுரியும் நம்மவர் இதை முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

கூலன்ட் என்பது வெறும் நீரோ சாயம் கலந்த நீரோ அன்று. உலோகம் அரியாமல் காக்கும் மருந்துகள் அதில் கலந்துள்ளன. அவை நாளடைவில் வலுவிழக்கும். வலுவிழந்தால் ஹெட்டின் நீர்த் துவாரங்களைச் சுற்றி அலுமினியம் அரித்துப் பள்ளம் விழும். கேஸ்கெட் ஒட்டி அமர இடமிராது. ராஜஸ்தானத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் நமக்குக் கிடைக்கும் ஆழ்குழாய் நீர் பெரும்பாலும் உப்பு மிகுந்தது. நம் வீட்டுக் கொதிகெண்டியின் அடியில் வெண்மையாகப் படிகிறதே, அதே படிவு எஞ்சினுக்குள்ளும் படியும். காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறு நீரை ஊற்ற வேண்டாம். வழியில் ஆபத்துக்கு ஊற்ற நேர்ந்தால், ஊர் சேர்ந்ததும் முழுதும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். பச்சை பச்சையோடு, சிவப்பு சிவப்போடு என்று நிறம் பார்த்துக் கலப்பதும் தவறு. நிறம் தயாரிப்பாளரின் விருப்பம். வண்டியின் கையேட்டில் எந்த வகை குறித்திருக்கிறதோ அதுவே வேண்டும்.

டர்போ வண்டிகளின் முன்புறத்தில் வேறொரு தொல்லையும் உண்டு. காற்றை அழுத்தினால் அது சூடேறும். 30 டிகிரிக் காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு டர்போ அழுத்தினால், வெளிவரும் காற்று 100 டிகிரிக்கும் மேல் இருக்கும். அந்தச் சூட்டோடு உள்ளே போனால் எரிதல் கெடும் என்பதற்காக, இன்டர்கூலர் என்னும் மற்றொரு ரேடியேட்டர் வழியே அதனைக் குளிரச் செய்கிறார்கள். இந்த இன்டர்கூலர், குளிர்சாதனத்தின் கண்டென்சர், எஞ்சின் ரேடியேட்டர் ஆகியன பல வண்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். இவற்றின் இடுக்குகளில் புழுதியும் இறந்த பூச்சிகளும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். நெடும்பிரயாணத்துக்கு முன் மெல்லிய நீர்த்தாரையால் கழுவச் சொல்லுங்கள். வேகத்தாரை மெல்லிய செதில்களை மடக்கிவிடும். மின்விசிறி சுழல்கிறதா என்பதையும் வண்டியை நிறுத்திவைத்துக் குளிர்சாதனத்தைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

வெப்பம் ஒரு பகையானால், பெட்ரோல் எஞ்சினில் மற்றொரு பகை உண்டு. நாக்கிங் என்று பட்டறைகளில் சொல்வார்கள். தீப்பொறி பட்ட இடத்திலிருந்து சுவாலை ஒழுங்காகப் பரவ வேண்டும். அழுத்தமும் சூடும் மிகும்போது, சுவாலை வந்து சேருமுன்பே மூலையிலுள்ள கலவை தானே ஒருமிக்க வெடித்துவிடும். உலோகத்தைச் சிறு சுத்தியால் தட்டுவது போன்ற ஓசை கேட்கும். அவ்வெடிப்பின் அழுத்த அலை முதலில் தாக்குவது கேஸ்கெட்டின் விளிம்பு வரம்பையே.

டர்போ கார் பிறந்த நாளிலேயே இத்தொல்லையும் பிறந்துவிட்டது. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், பொதுமக்களுக்கு விற்கப்பட்ட முதல் டர்போ கார்களுள் ஒன்று. மூன்றரை லிட்டர் எஞ்சின், 215 குதிரைச் சக்தி. அதில் அழுத்த விகிதத்தைக் குறைக்காமலே டர்போவைச் சேர்த்தார்கள். நாக்கிங் வராமலிருக்க, காய்ச்சி வடித்த நீரையும் மெத்தில் ஆல்கஹாலையும் கலந்து தனித்தொட்டியில் வைத்து, தேவைப்படும்போது உள்ளே தெளிக்கும்படி அமைத்தார்கள். யோசனை சிறந்ததே, ஆனால் தொட்டியை மறவாமல் நிரப்ப வேண்டியவர் வண்டிக்காரர் ஆயிற்றே! தொட்டி வற்றினால் டர்போவின் அழுத்தம் குறைந்துவிடும். வண்டி ஓடவில்லை என்று கடைக்காரரிடம் முறையிடுவார்கள். 1963ஆம் ஆண்டோடு அந்த மாதிரி நின்றுபோயிற்று. டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்ப்புரேட்டரைப் பூட்டிக்கொண்டோரும் பலர். கூலன்ட் தொட்டியைப் பாராமல் சாகர் வரை போன எனக்கு, அவர்களைக் குறை கூறும் உரிமை இல்லை.

இன்று நாக்கிங்கைக் காதுபோல் கேட்டறியும் உணர்கருவி எஞ்சினிலேயே இருக்கிறது. கேட்டதும் தீப்பொறி நேரத்தைத் தானே பின்தள்ளிக் காக்கும். ஆயினும் எல்லை உண்டு. கையேட்டில் 95 ஆக்டேன் வேண்டும் என்றிருந்தால் அதைவிடத் தாழ்ந்ததை ஊற்றுவது சேமிப்பன்று. உயர்ந்த கியரில், எஞ்சின் நிமிஷத்துக்கு 1,500 சுற்று மட்டும் திணறிக்கொண்டிருக்கையில், ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்து ஏற்றம் ஏறுவது அதைவிடத் தீது. பெட்ரோல் மிச்சமாகும் என்று நம்மில் பலர் அப்படி ஓட்டுகிறோம். சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் இந்நிலையில், தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் கொடிய வகை வெடிப்பு நிகழலாம். ஒரே அடியில் பிஸ்டன் உடைந்ததும் உண்டு. இதைத் தணிக்கவே 2020ஆம் ஆண்டில் ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற எண்ணெய்த் தரம் வந்தது. ஏற்றத்தில் ஒரு கியர் இறக்கிக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

கம்ப்யூட்டர் வழியே டர்போ அழுத்தத்தைக் கூட்டித் தருகிறோம் என்று சொல்லும் பட்டறைகள் இப்போது பெருநகரங்களில் மிகுந்துள்ளன. ரீமேப் என்று அதற்குப் பெயர். நம் பிள்ளைகளுக்கு அதில் ஆசை அதிகம். முன்னே சொன்ன யானையை நினைத்துக்கொள்ளுங்கள். யானையைப் பெரிதாக்குகிறவர்கள் போல்ட்டுகளைப் பெரிதாக்குவதில்லை. பந்தய வண்டிகளில் அழுத்தத்தைக் கூட்டுவோர் வலிய ஸ்டட்டுகளையும் வேறு கேஸ்கெட்டையும் பூட்டிய பிறகே அதைச் செய்கிறார்கள்.

கேஸ்கெட் பழுதடைந்ததை எப்படி அறிவது? வெளியே ஒழுக்கு தெரியாமல் கூலன்ட் குறைவது முதல் அடையாளம். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய ஓரிரு நிமிஷத்திலேயே ரேடியேட்டரின் மேல் குழாய் கல்லாக இறுகினால், எரிந்த வாயு நீருக்குள் புகுகிறது என்று கொள்ளலாம். கூலன்ட் தொட்டியில் ஓயாமல் குமிழி வருவதும் அதனாலேயே. சூடான பின்பும் நிற்காமல் இனிய வாசனையோடு வெண்புகை வருமானால் கூலன்ட் எரிகிறது. எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி போன்ற நுரை காண்பதையும் சொல்வார்கள். ஆனால் டில்லிக் குளிர்காலத்தில் தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில், நல்ல கேஸ்கெட்டோடும் அந்நுரை சிறிது படியும். அதை மட்டும் கண்டு எஞ்சினைப் பிரிக்க ஒப்புக்கொள்ள வேண்டாம். ரேடியேட்டர் வாயில் பொருத்திப் பார்க்கும் நீலத் திரவச் சோதனை ஒன்று உண்டு. எரிந்த வாயு நீரில் கலந்திருந்தால் அத்திரவம் மஞ்சளாக மாறும். சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து பார்க்கச் சொல்லலாம். அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் மட்டும் குறைந்திருந்தால், நடுவே தகடு போயிருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

பழுது பார்த்தலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் எனக்குக் கேஸ்கெட் இரு முறை போயிற்று. வழியிலிருந்த பட்டறை ஒன்று ஹெட்டைக் கழற்றி, புது கேஸ்கெட்டை வைத்து, ஒன்றரை நாளில் வண்டியைத் தந்துவிட்டது. அவசரப்படுத்தியவன் நானே. இரண்டே மாதத்தில், டில்லியில், மீண்டும் குமிழி. இம்முறை வேறொரு பட்டறையில் பிரித்தபோது நான் அருகில் நின்று பார்த்தேன். ஹெட் வளைந்தபடியே இருந்தது. எவரும் அளக்கவே இல்லை. உருண்டை உப்புத்தாள் கொண்டு பரப்பைத் தேய்த்திருந்தார்கள். எஃகுத் தகட்டுக் கேஸ்கெட்டுக்குப் பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்க வேண்டும், தேய்த்த துகள் எண்ணெயில் கலந்தால் பேரிங்குகளையும் தின்றுவிடும். போல்ட்டுகளும் பழையவை.

அந்தப் போல்ட்டுகளைப் பற்றி அப்பட்டறையின் முதிய மெக்கானிக் எனக்கு விளக்கிக் கூறினார். இக்கால எஞ்சின்கள் பலவற்றில் ஹெட் போல்ட்டுகள், இறுக்கும்போது சற்றே இழுபட்டு நீண்டு, அந்த இழுப்பாலேயே சீராகப் பிடிக்கும்படி செய்யப்பட்டவை. ஒருமுறை நீண்டது மீண்டும் அதே பிடி தராது. ஆகவே கழற்றினால் தூக்கி எறிய வேண்டியதே. அவற்றை முதலில் டார்க் ரெஞ்சினால் குறிப்பிட்ட அளவு முடுக்கி, பிறகு 90 டிகிரி என்றோ கையேடு சொல்லும் கோணத்துக்கோ திருப்ப வேண்டும். வரிசையும் முக்கியம். நடுப் போல்ட்டுகளில் தொடங்கி இருபுறமும் வெளியே போக வேண்டும். அதையும் பல சுற்றுகளாகச் செய்ய வேண்டும். போல்ட் இறங்கும் துளைகளில் எண்ணெயோ நீரோ தேங்கியிருந்தால், இறுக்கும்போது அது வெளியேற வழியின்றிப் பிளாக்கையே பிளந்துவிடக்கூடும். டீசல் எஞ்சினில் இன்னொன்று: ஒரே எஞ்சினுக்குக் கேஸ்கெட் இரண்டு மூன்று கனங்களில் கிடைக்கும், விளிம்பிலுள்ள வெட்டுகளோ துளைகளோ கனத்தைக் காட்டும். பிஸ்டன் பிளாக்கின் மேல் எவ்வளவு எழுகிறது என்று அளந்து, அதற்கேற்றதை வாங்க வேண்டும். வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்கி வருவது போதாது.

எனவே பட்டறையில் நான்கு கேள்வி கேளுங்கள். ஹெட்டின் வளைவை அளந்தீர்களா, எவ்வளவு? போல்ட்டுகள் புதியனவா? எந்த அளவுக்கு இறுக்கினீர்கள்? முதலில் சூடானதற்குக் காரணம் என்ன, அது சரி செய்யப்பட்டதா? நான்காவதே தலையாயது. என் வண்டியில் முதல் பட்டறை அந்தக் கிளிப்பைக் கவனிக்கவே இல்லை. பழுதான தெர்மோஸ்டாட்டையோ வாட்டர் பம்பையோ அப்படியே விட்டுவிட்டுக் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால், மீண்டும் அதே மரத்தடிக்குத்தான் போக நேரும். இரு முறையும் சேர்த்து எனக்கு ஒரு மாத ஊதியம் செலவாயிற்று.

பழுது பார்த்த பின், முதல் சில வாரம் தினமும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும்வரை மட்டம் சற்று இறங்குவது இயல்பு; அதன்பின் நிலைத்து நிற்க வேண்டும். கிளப்பியவுடன் எஞ்சினை உறுமவிடாமல் முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். ஹெட்டும் பிளாக்கும் சேர்ந்து சூடேற அவகாசம் வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் வந்து நிறுத்தும்போது ஒரு நிமிஷம் சும்மா ஓடவிடுவது டர்போவின் பேரிங்குக்கு நல்லது, கேஸ்கெட்டுக்கும் தீங்கில்லை.

எங்கள் காரின் கூலன்ட் தொட்டியில் நான் மையால் ஒரு கோடு இட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைத்திருக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் ஜான்சியில் சிற்றுண்டிக்கு இறங்குவோம். எஞ்சின் சூடாக இருப்பதால் மூடியைத் தொடமாட்டோம். வெளியிலிருந்தே மட்டம் தெரியும். முன்மூடியைத் தூக்கச் சொல்லி, கோட்டையும் மட்டத்தையும் என் மனைவி தானே பார்த்துவிட்டு, “சரி, புறப்படலாம்” என்று சொன்ன பிறகே லலித்பூர்ச் சாலையில் வண்டியைத் திருப்புகிறேன்.